கருங்கல் சுவரும் ஆறு ஆன்டெனாவும்

வாசகர் கேள்வி – பதில்: வீட்டுக் கணினியும் இணைய இணைப்பும்

இந்த இதழில் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து வந்த கேள்விகள்.

கேள்வி: பாட்டன் காலத்துக் கருங்கல் வீடு. சுவர் ஒன்றரை அடி கனம். முன் ஹாலில் ஃபைபர் மோடம் இருக்கிறது. ஹாலில் வைஃபை நன்றாக வருகிறது. இரண்டு சுவர் தாண்டிப் பின்கட்டில், பையன் படிக்கிற அறையில், ஒரு கோடுகூட நிற்பதில்லை. கடைக்காரர் ஆறு ஆன்டெனா வைத்த ரவுட்டரைக் காட்டி, ‘இது சுவரைத் துளைத்துக்கொண்டு போகும்’ என்கிறார். வாங்கலாமா?
– ஒரு வாசகர், வேப்பனப்பள்ளி

பதில்: வாங்காதீர்கள். ஆன்டெனா நான்கானாலும் ஆறானாலும், ரவுட்டர் அனுப்பக்கூடிய சக்திக்கு அரசு விதி வைத்திருக்கும் உச்ச வரம்பு ஒன்றுதான். அதோடு, ரவுட்டர் எவ்வளவு உரக்கப் பேசினாலும் பையனின் போன் பதில் பேச வேண்டும். போனுக்குள் இருப்பது சின்ன ஆன்டெனா. பேட்டரியை மிச்சம் பிடிக்க அது மெல்லத்தான் பேசும். கடைசியில் போனில் மூன்று கோடு காட்டும், பக்கம் மட்டும் திறக்காது. பெரிய ரவுட்டர் வாங்கிய பல வீடுகளில் இதுதான் நிலைமை.

ஒன்றரை அடிக் கருங்கல்லில் 5 கிகாஹெர்ட்ஸ் அலை ஒரு சுவரிலேயே அடங்கிவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் தட்டுத்தடுமாறி ஒன்றைத் தாண்டும், இரண்டாவதில் நின்றுவிடும். நடுவில் ரிப்பீட்டர் வைத்தாலும் அதுவும் அதே கல்லைத் தாண்டித்தான் பேச வேண்டும். வாங்கிய அலைவரிசையிலேயே திருப்பி அனுப்புகிற ரகமாக இருந்தால் வேகமும் பாதியாகும்.

உங்களுக்குத் தேவை பின்கட்டுக்கு ஒரு லேன் வயர். அதன் முனையில் சாதாரண இரண்டலை ரவுட்டர் ஒன்று. கடைக்காரர் காட்டியதற்கு ஆகும் செலவைவிட இது குறைவாகவே முடியும். கல்லைத் துளைக்கப் பெரிய டிரில் தேட வேண்டாம். ஜன்னல் சட்டத்தின் மூலை, கூரைக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கும் சந்து, பழைய டிவி கேபிள் போன ஓட்டை, இவற்றில் ஒன்று எந்த வீட்டிலும் கிடைக்கும். வயர் வெளிச்சுவரில் போகிறதென்றால் பிவிசி பைப்புக்குள் விடுங்கள். வெயில் படுகிற சாம்பல் நிற வயரின் மேல்தோல் சில வருடங்களில் வெடித்து உதிரும். கரண்ட் வயர் போகும் பைப்புக்குள் இதைச் சேர்த்துத் திணிக்கக் கூடாது. பக்கத்தில் போக நேர்ந்தால் ஓரடி இடைவெளி விடுங்கள்.

வயர் கேட்6 என்று கேளுங்கள். கேட்5இ இருந்தாலும் போதும். 100 மீட்டர் வரை அதுவும் 1 ஜிபிபிஎஸ் (கிகாபிட்) வேகம் தாங்கும். உள்ளே இருப்பது முழுச் செம்பா என்று பார்ப்பதுதான் முக்கியம். விலை குறைவாகச் சொல்லும் சுருள்களில் பெரும்பாலும் செம்பு பூசிய அலுமினியக் கம்பி இருக்கும். ஒரு கம்பியின் தோலை உரித்து பிளேடால் சுரண்டுங்கள். வெள்ளையாகத் தெரிந்தால் வைத்துவிட்டு வாருங்கள். சுரண்ட விடவில்லையா? 30 மீட்டர் வயரில் ஒரு ஜோடியின் இரண்டு கம்பிகளை ஒரு முனையில் முறுக்கிச் சேர்த்து, மறுமுனையில் மல்டிமீட்டரை ஓம் அளவில் வையுங்கள். செம்பானால் 4 முதல் 5 ஓம் காட்டும். 7, 8 காட்டினால் அலுமினியம். அலுமினியக் கம்பி கிரிம்ப் செய்த இடத்தில், அதாவது கனெக்டருக்குள் வைத்து நசுக்கிய இடத்தில், வளைத்து நிமிர்த்தினாலே ஒடியும். வயர் வழியாகவே கேமராவுக்குக் கரண்ட் கொடுத்தால் சூடாகவும் ஆகும்.

கனெக்டர் அடிக்கிறவர் பக்கத்தில் நின்று நிற வரிசையைப் பாருங்கள். இரண்டு முனையிலும் இதே வரிசை வேண்டும்: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. பச்சை ஜோடி பிரிந்து மூன்றிலும் ஆறிலும் உட்காருவது பலருக்கு உறுத்தும். ‘அழகாக’ ஜோடி ஜோடியாக வரிசைப்படுத்திவிடுவார்கள். அப்படி அடித்தாலும் டெஸ்டரில் எட்டு விளக்கும் வரிசையாக எரியும், வேலை முடிந்தது என்று போய்விடுவார்கள். ஆனால் முறுக்கு மாறிப்போன கம்பிகளுக்குள் சிக்னல் ஒன்றோடொன்று கலந்து, இணைப்பு அறுந்து அறுந்து வரும். முறுக்கைப் பிரிப்பதும் அரை அங்குலத்துக்கு மேல் கூடாது.

பின்கட்டு ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் ‘ஆக்சஸ் பாயிண்ட் மோட்’ என்று இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். அந்த வசதி இல்லாத பழைய ரவுட்டர் என்றால் அதன் டிஹெச்சிபியை (கருவிகளுக்கு முகவரி கொடுக்கும் வசதியை) அணைத்து, அதன் முகவரியை மோடத்தின் முகவரியோடு மோதாதபடி மாற்றி, வயரை வேன் (வெளி நெட் வரும்) துளையில் செருகாமல் லேன் துளையில் செருகுங்கள். வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் ஹாலில் உள்ளதே இருக்கட்டும். சேனல் மட்டும் வேறுவேறாக: 2.4-இல் ஒன்றுக்கு 1, மற்றதற்கு 11. 5-இல் ஒன்றுக்கு 36, மற்றதற்கு 149. வேலை முடிந்ததும் போனில் சிக்னல் அளக்கும் செயலியைப் போட்டுப் பாருங்கள். சிக்னல் பலம் மைனஸ் 65 டிபிஎம் (dBm) அளவில் இருந்தால் வீடியோ வகுப்புக்குத் தாராளம். மைனஸ் 75-க்குக் கீழே இறங்கினால் ரவுட்டரை மரப்பீரோ மேலிருந்து எடுத்து அறைக்குள் திறந்த இடத்தில் மாட்டுங்கள்.

கேள்வி: புதிதாக அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர். சிபியு பெட்டியின் பின்பக்க இரும்பைத் தொட்டால் சுள்ளென்று இழுக்கிறது. செருப்புப் போட்டுக்கொண்டு தொட்டால் ஒன்றுமில்லை. எலக்ட்ரீஷியன், ‘கம்ப்யூட்டர் என்றால் அப்படித்தான் இருக்கும்’ என்கிறார். உண்மையா?
– ஒரு வாசகி, பாலக்கோடு

பதில்: இல்லை. உங்கள் வீட்டு மூன்றாம் துளையில் எர்த் வரவில்லை.

எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் (கணினிக்குக் கரண்டை மாற்றிக் கொடுக்கும் பெட்டி) மின் இரைச்சலை வடிகட்ட, ஃபேஸிலிருந்து ஒன்றும் நியூட்ரலிலிருந்து ஒன்றுமாக இரண்டு சின்னக் கெப்பாசிட்டர்கள் பெட்டியின் இரும்போடு இணைந்திருக்கும். எர்த் இருந்தால் அதில் கசியும் மில்லிஆம்பியர் கணக்கான கரண்ட் மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் பெட்டி பாதி வோல்டேஜில், அதாவது 115 வோல்ட் அளவில், தொங்கிக்கொண்டிருக்கும். நீங்கள் வெறுங்காலோடு தொடும்போது எர்த் வயர் நீங்கள்தான். கரண்ட் குறைவென்பதால் சுள்ளென்பதோடு போகிறது. ஆனால் அதே பெட்டியில் டிவியின் ஹெச்டிஎம்ஐ வயரையோ பிரிண்டரையோ செருகும் கணத்தில் அந்த வோல்டேஜ் முனை வழியாகப் பாய்ந்து போர்ட்டைச் சாகடிக்கலாம். ‘புது மானிட்டர், ஒரே மாதத்தில் ஹெச்டிஎம்ஐ போச்சு’ என்று வருகிறவர்களிடம் முதலில் எர்த்தைப் பற்றித்தான் கேட்க வேண்டும்.

மல்டிமீட்டரை ஏசி 600 அல்லது 750 வோல்ட் அளவில் வைத்து, எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மூன்று அளவு எடுக்கச் சொல்லுங்கள். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் 230 வருகிறதென்றால், ஃபேஸுக்கும் எர்த்துக்கும் ஏறக்குறைய அதே எண் வர வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் 3 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். எண் சரியாக வந்தாலும் நம்பிவிடாதீர்கள். மீட்டர் இழுக்கும் கரண்ட் மிகவும் குறைவு, நூலாய்த் தொங்கும் எர்த்கூட அதற்கு நல்ல எர்த்தாகத் தெரியும். ஒரு 100 வாட் குண்டு பல்பை ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் எரியவிட்டு அப்போது அளக்கச் சொல்லுங்கள். 230 இருந்தது 180-க்கு இறங்கி பல்பு மங்கினால் எர்த் பெயருக்குத்தான் இருக்கிறது. வீட்டில் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானே அணைக்கும் சுவிட்ச்) இருந்தால் பல்பு எரியாமல் அது விழுந்துவிடும். அது நல்ல செய்தி, வேலை செய்கிறது.

பாலக்கோடு, மாரண்டஅள்ளி பக்கம் பல இடங்களில் நான்கடி தோண்டினால் பாறை. ஆளுயரத்துக்கு மேல் இறங்க வேண்டிய இரண்டரை மீட்டர் ஜிஐ பைப்பை அறுத்து மூன்றடியாக்கி நட்டுவிட்டுப் போவார்கள். மழைக்காலத்தில் அது ஒப்பேறும், சித்திரையில் செத்துவிடும். பாறை இடித்தால் ஆழத்துக்குப் பதிலாக நீளம் கொடுங்கள்: ஒன்றரை முதல் இரண்டடி ஆழத்தில் 15 மீட்டர் பள்ளம் வெட்டி ஜிஐ பட்டையைப் படுக்கவைத்து, சல்லியை அள்ளிவிட்டுக் களிமண்ணோ, ஈரம் பிடிக்கும் பென்டொனைட் மண்ணோ போட்டு மூடுங்கள். குளியலறைத் தண்ணீர் போகிற பக்கமாக வெட்டினால் கோடையிலும் ஈரம் நிற்கும்.

ஒன்று மட்டும் கூடவே கூடாது. சிலர் சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரலிலிருந்து எர்த் துளைக்கு ஒரு துண்டு வயர் போட்டு, ‘இப்போ ஷாக் வராது’ என்பார்கள். வராதுதான். என்றைக்கு நியூட்ரல் அறுகிறதோ அன்றைக்குப் பெட்டி முழுக்க 230 வோல்ட்.

கேள்வி: வீட்டிலிருந்து வேலை பார்க்கிறேன். கரண்ட் போனால் இன்வெர்ட்டர் எடுக்கிறது; லைட், ஃபேன் ஓடுகிறது, கம்ப்யூட்டர் மட்டும் ரீஸ்டார்ட் ஆகிறது. மோடமும் அணைந்து, திரும்ப நெட் வர மூன்று நிமிடம். தனி யுபிஎஸ் வாங்க வேண்டுமா?
– ஒரு வாசகர், பென்னாகரம்

பதில்: முதலில் இன்வெர்ட்டரின் பின்பக்கம் அல்லது முகப்பில் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள். ‘யுபிஎஸ்’ ஒரு பக்கம், ‘நார்மல்’ அல்லது ‘ஈகோ’ மறுபக்கம் என்று இருக்கும். நார்மலில் மாறுவதற்கு 40 மில்லிசெகண்ட் வரைகூட ஆகும். யுபிஎஸ்ஸில் பெரும்பாலும் 10 முதல் 15. கம்ப்யூட்டரின் எஸ்எம்பிஎஸ் தன் கெப்பாசிட்டரில் உள்ளதை வைத்து முழு லோடில் 16, 17 மில்லிசெகண்ட் தாங்கும் அளவுக்குத்தான் வடிவமைக்கப்படுகிறது. ஆகவே சுவிட்சைத் தள்ளினாலே பாதிப் பேருக்குப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

மீதிப் பாதிக்கு வேறு தொல்லை வரும். யுபிஎஸ் நிலையில் இன்வெர்ட்டர் சுமார் 180 வோல்ட்டுக்குக் கீழே போனால் கரண்டை ஏற்காது, பேட்டரிக்குப் போய்விடும். சுற்றிலும் மோட்டார் ஓடுகிற நேரத்தில் லோ வோல்டேஜ் ஆகிற ஊர் என்றால், கரண்ட் இருக்கும்போதே பேட்டரி காலியாகிக்கொண்டிருக்கும். அப்படியானால் இன்வெர்ட்டரை நார்மலிலேயே விட்டு, கம்ப்யூட்டருக்கு மட்டும் 600 விஏ யுபிஎஸ் ஒன்று வையுங்கள். அது தாங்குவது 360 வாட். உள்ளே 12 வோல்ட் 7 ஏஹெச் பேட்டரி. மானிட்டரோடு சேர்த்து 100 வாட் இழுக்கும் கணினிக்குப் புதிதில் 15, 20 நிமிடம் வரும். மாறும் அந்த ஒரு கணத்தைக் கடக்க அது போதும். இரண்டு மூன்று வருடத்தில் பேட்டரி மாற்ற வேண்டும். லேசர் பிரிண்டரை இதில் செருகாதீர்கள்.

இன்வெர்ட்டர் ‘ஸ்கொயர் வேவ்’ (சதுர அலையில் கரண்ட் கொடுக்கும்) ரகமாக இருந்து, உங்கள் எஸ்எம்பிஎஸ் ஆக்டிவ் பிஎஃப்சி (கரண்டைச் சீராக இழுக்கும் சுற்று) உள்ளதாக இருந்தால் இரண்டும் ஒத்துப்போகாமல் கணினி அணையலாம், அல்லது உறுமும். அடுத்த முறை வாங்கும்போது சைன் வேவ் என்று எழுதியிருப்பதாகப் பார்த்து வாங்குங்கள்.

மோடத்துக்குத் தனிக் கணக்கு. அதன் அடாப்டரில் ‘12 வோல்ட் 1 ஆம்பியர்’ என்பது போல் எழுதியிருக்கும். 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்றை நடுவில் செருகினால் விளக்குகூடச் சிமிட்டாது. 8800 எம்ஏஹெச் என்று பெட்டியில் போட்டிருப்பதை 3.7 வோல்ட்டால் பெருக்குங்கள், 12-ஆல் அல்ல: சுமார் 32 வாட்ஹவர். மாற்றத்தில் இழப்பு போக 27. மோடம் உண்மையில் 7 வாட் அளவுக்குத்தான் எடுக்கும். நான்கு மணி நேரத்தை ஒட்டி ஓடும். 9 வோல்ட் மோடத்தில் 12-ஐச் செருகாதீர்கள். பின்னின் நடுத்துளை 2.1 மில்லிமீட்டரா 2.5-ஆ என்பதையும் பாருங்கள். மாறினால் ஆட்டினாலே அணையும்.

கேள்வி: 300 எம்பிபிஎஸ் பிளான். எத்தனை தடவை அளந்தாலும் 94. கம்பெனிக்காரர்கள் ‘எங்கள் பக்கம் சரி’ என்கிறார்கள்.
– ஒரு வாசகர், தருமபுரி

பதில்: அவர்கள் சொல்வது சரியாக இருக்கலாம். 94, 95 என்று ஆணி அடித்தாற்போல் நின்றால் வழியில் எங்கோ ஒரு 100 எம்பிபிஎஸ் கதவு இருக்கிறது. மோடத்துக்குப் பின்னால் நீங்கள் வைத்திருக்கும் ரவுட்டரின் பெட்டியில் ‘10/100’ என்று போட்டிருக்கிறதா பாருங்கள். மேலே வைஃபைக்கு 1200 என்று கொட்டை எழுத்தில் அச்சடித்த பல மலிவு ரவுட்டர்களின் துளைகள் 100-தான். அது ‘கிகாபிட்’ என்றால் வயரைச் சந்தேகப்படுங்கள். 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இரண்டு ஜோடி போதும், கிகாபிட்டுக்கு நான்கும் வேண்டும்; நீலத்திலோ பழுப்பிலோ ஒரு கம்பி ஒடிந்தால் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். விண்டோஸில் ஈதர்நெட் விவரப் பக்கத்தில் இணைப்பு வேகம் 100/100 என்று காட்டும். வயரை மாற்றிப் பார்த்து 1000 வந்தால் கதை முடிந்தது.

கேள்வி: மகள் பிசிஏ சேருகிறாள். வீட்டிலிருந்தே கல்லூரி போய்வருவாள். டெஸ்க்டாப் அசெம்பிள் செய்யலாமென்று இருக்கிறோம். கடையில் கொடுத்த கொட்டேஷனில் ‘ஐ3-12100எஃப், 16 ஜிபி ரேம், 1 டிபி ஹார்டு டிஸ்க், கேபினெட் வித் எஸ்எம்பிஎஸ்’ என்று இருக்கிறது. சரியா?
– ஒரு வாசகி, அரூர்

பதில்: நான்கு பொருளில் மூன்றைத் திருத்த வேண்டியிருக்கிறது.

இன்டெல் பெயரின் கடைசியில் வரும் எஃப் என்ற எழுத்துக்கு உள்ளே கிராஃபிக்ஸ் இல்லை என்று பொருள். தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாமல் இந்தக் கணினியில் திரை எரியாது. எஃப் இல்லாத ஐ3-12100 கேளுங்கள். நான்கு கோர், எட்டு த்ரெட், பிசிஏ படிப்புக்குத் தாராளம். அல்லது ரைசன் 5 5600ஜி. ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட், 65 வாட். ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ, விர்ச்சுவல் மெஷின் என்று போனால் அந்தக் கூடுதல் கோர்கள் உதவும். மூன்று வருடம் கழித்துப் புது பிராசசர் மாட்டும் எண்ணம் இருந்தால் 5600ஜி உட்காரும் பழைய ஏஎம்4 சாக்கெட் இடைஞ்சல்; புதிய ஏஎம்5 சாக்கெட் உள்ள போர்டுக்குப் போக வேண்டும், செலவு ஏறும். பிசிஏவுக்கு அது அவசியமில்லை.

ரேம் 16 ஜிபி சரி. ஒரே குச்சியாக இல்லாமல் 8-ம் 8-மாகப் போடச் சொல்லுங்கள். உள்கிராஃபிக்ஸ் ரேமைத்தான் கடன் வாங்கி ஓடுகிறது; இரண்டு குச்சி இருந்தால் பாதை இரண்டாகும், வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். போர்டு டிடிஆர்4-ஆ டிடிஆர்5-ஆ என்று பில்லில் எழுதி வாங்குங்கள். ஹெச்610 போர்டு இரண்டிலும் வருகிறது, ஒன்றின் ரேம் மற்றதில் ஏறாது. ரேம் விலை மாதத்துக்கு மாதம் ஆடுவதால் ஒரு வாரத்துக்கு மேல் பழைய கொட்டேஷனை நம்ப வேண்டாம்.

ஹார்டு டிஸ்க்கில் விண்டோஸ் போட்டால் ஆன் செய்துவிட்டு டீ போட்டுக் குடித்துவிட்டு வரலாம். 500 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி போடுங்கள். 5600ஜி எடுத்தால் ‘ஜென் 4’ எஸ்எஸ்டிக்குக் கூடுதல் பணம் வேண்டாம். அந்த பிராசசர் ஜென் 3 வேகத்துக்கு மேல் பேசாது.

‘கேபினெட் வித் எஸ்எம்பிஎஸ்’ என்பதில்தான் கடைக்காரர் மிச்சம் பிடிக்கிறார். மேலே 450 வாட் என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். கையில் தூக்கினால் காலி டிபன்பாக்ஸ் மாதிரி லேசாக இருக்கும். அது சாகும்போது தனியாகப் போகாது, போர்டையும் கூட்டிக்கொண்டு போகும். கேபினெட் எவ்வளவு மட்டமானாலும் பரவாயில்லை, 80 பிளஸ் பிரான்ஸ் என்ற மின்சிக்கன முத்திரை உள்ள 450 வாட் எஸ்எம்பிஎஸ் தனியாக வாங்குங்கள்.

வீட்டுக்கு வந்ததும் பயாஸில் (விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கும் அமைப்புப் பக்கம்) மூன்று இடம் பாருங்கள். ரேம் 3200 என்று வாங்கியது 2400 அல்லது 2666-இல் ஓடிக்கொண்டிருக்கலாம். எக்ஸ்எம்பி-ஐ ஆன் செய்தால் சரியாகும். விர்ச்சுவலைசேஷன் அணைந்திருந்தால் எமுலேட்டர் ஓடாது. டிபிஎம் (TPM என்ற பாதுகாப்பு வசதி) ஆன் ஆகியிருக்க வேண்டும், விண்டோஸ் 11 கேட்கும்.

கேள்வி: பெங்களூரில் ஆபீஸ்களிலிருந்து கழித்த கணினிகள் மலிவாக வருகின்றன. ஐ5, 8 ஜிபி ரேம். வாங்கலாமா?
– ஒரு வாசகர், ஓசூர்

பதில்: ஐ5 என்பது ஒரு விவரமே இல்லை. அதற்குப் பின்னால் வரும் எண்ணைக் கேளுங்கள். 4570 என்றால் நான்காம் தலைமுறை, 8500 என்றால் எட்டாம் தலைமுறை. விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பது எட்டாம் தலைமுறையிலிருந்துதான். குறுக்குவழியில் பழையதிலும் ஏற்றித் தருவார்கள், பெரிய அப்டேட் வரும்போது மாட்டிக்கொள்வது நீங்கள். 8500 கிடைத்தால் நல்ல சரக்கு, ஆறு கோர்.

கடையிலேயே ஆன் செய்து பயாஸில் நுழையுங்கள். ஆபீஸ் போட்ட பாஸ்வேர்டு கேட்டால் வேண்டாம். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ ஓட்டி டிஸ்க்கின் ஆரோக்கிய சதவீதத்தையும் எத்தனை மணி நேரம் ஓடியது என்பதையும் பாருங்கள். ஒல்லிப் பெட்டிகளில் எஸ்எம்பிஎஸ்ஸும் போர்டும் அந்தக் கம்பெனிக்கே உரிய அளவு. கெட்டால் ஓசூர்க் கடையில் மாற்று கிடைக்காது, அதே மாடலின் உடைத்த உதிரியைத் தேட வேண்டும். தேதி நிற்காமல் போனால் பயப்பட வேண்டாம், சிஆர்2032 பட்டன் பேட்டரி மாற்றினால் போதும்.

கேள்வி: வீட்டிலிருந்து மாந்தோப்பு 350 மீட்டர். காய் காலத்தில் காவலுக்கு நான்கு கேமரா போட்டு, வீட்டிலிருந்தும், பெங்களூரில் இருக்கும் மகன் போனிலிருந்தும் பார்க்க வேண்டும். லேன் வயர் இழுக்கலாமா?
– ஒரு வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: லேன் வயரின் எல்லை 100 மீட்டர். நடுவில் ஸ்விட்ச் வைத்து ஒட்டுப்போட்டு இழுப்பவர்கள் உண்டு, முதல் இடியில் வரிசையாக எல்லாம் போகும். உங்களுக்கு இரண்டு வழி: ஃபைபர், அல்லது ரேடியோ.

நடுவில் இருப்பது உங்கள் சொந்த நிலமே என்றால் ஃபைபர். சிங்கிள் மோட் டிராப் கேபிள் 400 மீட்டர், இரண்டு முனைக்கும் ஒரு ஜோடி கிகாபிட் மீடியா கன்வெர்ட்டர் (ஃபைபர் ஒளியை லேன் சிக்னலாக மாற்றும் பெட்டி). ஒரே இழையில் போக வர 1310, 1550 என்று இரண்டு அலைநீளம் என்பதால் ஏ ஒன்று, பி ஒன்று என்று ஜோடியாகத்தான் வாங்க வேண்டும். இரண்டு ஏ வாங்கிவந்தால் விளக்கு எரியாது. கேபிளுக்குள் பலத்துக்கு வைத்திருக்கும் கம்பி இரும்பாக இல்லாமல் எஃப்ஆர்பியாக (இழை கலந்த பிளாஸ்டிக்) இருக்கட்டும். இரும்பு இடியைக் கூட்டிவரும். கன்வெர்ட்டரில் நீல கனெக்டர், வீட்டு மோடத்தில் பச்சை. இரண்டையும் கலந்து செருகாதீர்கள், பச்சையின் முகம் சாய்வாகத் தேய்த்தது. இரண்டடி பள்ளத்தில், சொட்டுநீருக்கு மெயின் லைனாக வாங்கும் 32 மில்லிமீட்டர் ஹெச்டிபிஇ பைப்புக்குள் விடுங்கள். ஓரடியில் புதைத்தால் டிராக்டர் கலப்பை எடுத்துவிடும்; பைப் இல்லாவிட்டால் எலி கடிக்கும். முனை ஒட்ட ஊரில் நெட் கொடுப்பவரின் ஸ்பிளைசிங் ஆளைப் பிடித்தால் அரை மணி நேர வேலை.

நடுவில் அடுத்தவர் நிலமோ ரோடோ வந்தால் 5 கிகாஹெர்ட்ஸ் வெளிப்புற ரேடியோ ஒரு ஜோடி. 350 மீட்டர் அவற்றுக்குக் கூப்பிடு தூரம். ஆனால் மாமரம்தான் எதிரி. மொட்டை மாடியிலிருந்து தோப்பு ரேடியோ கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் போதாது. நேர்கோட்டின் நடுவில் சுற்றிலும் இரண்டு மீட்டர் வெளி வேண்டும். தை மாதம் பூவிடும்போது மாட்டிச் சரியாக இருந்தது, துளிர்த்துத் தழைத்ததும் அறுந்துபோகும். கம்பத்தை இன்றைய மர உயரத்துக்கு மேல் குறைந்தது பத்தடி கூடுதலாக நடுங்கள்.

தோப்பில் கரண்ட்? பம்ப்செட் மும்முனை இணைப்பு நேரம் போட்டுத்தான் வரும், அதை நம்பிக் காவல் வைக்க முடியாது. நான்கு கேமரா 20 வாட், ஸ்விட்ச்சும் கன்வெர்ட்டரும் 8 வாட் என்று வையுங்கள்: ஒரு நாளைக்கு சுமார் 670 வாட்ஹவர். 250 வாட் சோலார் பேனல், 12 வோல்ட் 150 ஏஹெச் பேட்டரி. பேட்டரியில் பாதிக்கு மேல் இறக்காமல் ஒன்றேகால் நாள் தாங்கும். மேகமூட்டம் இரண்டு நாள் நீடித்தால் கேமரா நிற்கும், அதற்குத் தயாராக இருங்கள்.

பதிவுப் பெட்டியைத் தோப்பில் வைக்காதீர்கள்; திருட வருபவன் முதலில் அதைத்தான் எடுப்பான். வீட்டில் வையுங்கள். 2 மெகாபிக்சல் கேமரா ஹெச்.265 என்ற சுருக்க முறையில் 2 எம்பிபிஎஸ் எடுத்தால் ஒரு நாளைக்கு 21.6 ஜிபி, நான்கிற்கு 86 ஜிபி, 1 டிபி டிஸ்க்கில் 11 நாள் நிற்கும். அசைவு வந்தால் மட்டும் பதிவு என்று வைத்தால் நாள் கூடும் என்பார்கள். தோப்பில் இலை ஆடுவதெல்லாம் அசைவுதான்.

மகன் பார்ப்பதற்கு ‘போர்ட் ஃபார்வர்டிங்’ (வெளியிலிருந்து நேராகப் பதிவுப் பெட்டிக்கு வழி திறப்பது) செய்து தருகிறேன் என்று யாராவது வந்தால் முதலில் மோடத்தின் வேன் முகவரியைப் பாருங்கள். 100.64 முதல் 100.127 வரைக்குள் தொடங்கினால் உங்களுக்குத் தனி முகவரி இல்லை, பலரோடு பங்கு. அந்த வேலை நடக்காது. பதிவுப் பெட்டியின் சொந்தச் செயலி வழியாகப் பார்ப்பதே வழி. பெட்டியோடு வந்த பாஸ்வேர்டை மட்டும் முதல் நாளே மாற்றிவிடுங்கள்.

கேள்வி: போன மழையில் இடி இடித்தபோது கணினியின் லேன் போர்ட்டும் ரவுட்டரில் ஒரு போர்ட்டும் போய்விட்டன. இரண்டும் ஸ்பைக் கார்டில்தான் இருந்தன. எப்படி?
– ஒரு வாசகர், பர்கூர்

பதில்: கரண்ட் பக்கமாக வரவில்லை, லேன் வயர் பக்கமாக வந்திருக்கிறது. மாடிக்கோ அடுத்த வீட்டுக்கோ வெளியில் தொங்கவிட்ட வயர் இருக்கிறதா பாருங்கள். இடி அடிக்க வேண்டியதில்லை, பக்கத்தில் விழுந்தாலே நீளமான செம்புக் கம்பியில் வோல்டேஜ் தூண்டப்படும். அந்தத் துண்டை எடுத்துவிட்டு மேலே சொன்ன ஃபைபர், கன்வெர்ட்டர் போடுங்கள். கணினிக்கு போர்டு மாற்ற வேண்டாம், யுஎஸ்பி 3.0 கிகாபிட் லேன் அடாப்டர் செருகினால் ஓடும். வீட்டுக் கரண்ட் மெயின் போர்டில் டைப் 2 எஸ்பிடி (திடீர் வோல்டேஜை எர்த்துக்குத் திருப்பும் கருவி) வைப்பது நல்லது, ஆனால் எர்த் சரியில்லாவிட்டால் அது வெறும் அலங்காரம். பாலக்கோடு வாசகிக்குச் சொன்ன பல்பு சோதனை உங்களுக்கும்தான். சித்திரை, வைகாசியிலும் புரட்டாசி, ஐப்பசியிலும் வானம் கறுத்தால் பிளக்கோடு லேன் வயரையும் உருவிவிடுங்கள்.

கேள்வி: ராத்திரி மோடத்தை அணைத்துவிட்டால் கரண்ட் பில் குறையுமா?
– ஒரு வாசகி, ஊத்தங்கரை

பதில்: 8 வாட், எட்டு மணி நேரம், அறுபது நாள்: இரண்டு மாத பில்லுக்கு நான்கு யூனிட்டுக்கும் குறைவு. இலவச யூனிட் வரம்புக்குள்ளேயே உங்கள் வீடு நின்றால் அதுவும் கணக்கில் வராது. மோடத்தின் மென்பொருள் அப்டேட் பெரும்பாலும் நள்ளிரவுக்குப் பிறகுதான் நடக்கும். பாதியில் அணைத்தால் காலையில் சிவப்பு விளக்கோடு எழுந்திருக்கும். எரிந்துகொண்டிருக்கட்டும்.